வீட்டை விக்கிறது யாரு?

இது எபிசோடின் எழுத்து வடிவம். வாசிக்க வசதியாகச் சில இடங்களைச் சுருக்கியிருக்கிறோம்.

போன எபிசோட்ல வாடகை ஒப்பந்தம் பத்திப் பேசினோம். அதுக்கு வந்த மெயில்கள்ல ஒரே கேள்வி நாலு பேர்கிட்ட இருந்து வந்துச்சு: "அப்பா அம்மா ஊர்ல இருக்கிற வீட்டை விக்கலாம்னு சொல்றாங்க, எங்க ஆரம்பிக்கிறது?"

நம்ம வயசுல வீடு வாங்கவே முடியல, இதுல விக்கிறதைப் பத்தி என்ன எபிசோடுன்னு நினைக்கலாம். ஆனா நடைமுறை வேற. வீடு பெரியவங்க பேர்ல இருக்கும். ஆன்லைன்ல விளம்பரம் போடுறது, புரோக்கர்கிட்ட பேசுறது, பேப்பரை ஸ்கேன் பண்றது, ஆடிட்டருக்கு மெயில் போடுறது எல்லாம் நம்ம தலையில வரும். "நீதான் கம்ப்யூட்டர்லயே இருக்கியே, பாத்துக்கோ." இந்த வரியைக் கேக்காத ஐடி பசங்க தமிழ்நாட்டுல ரொம்பக் கம்மி.

முதல்லயே சொல்லிடறேன், நான் வக்கீல் இல்ல, ஆடிட்டர் இல்ல. கோடு எழுதிச் சம்பளம் வாங்குறவன். போன வருஷம் எங்க குடும்பத்துல ஒரு ஃபிளாட் வித்தப்போ ஓடியாடி வேலை பாத்தவன். அந்த அனுபவத்தையும், அதுக்காகப் படிச்சதையும் சேர்த்துத்தான் இன்னிக்குப் பேசப் போறேன்.

வாங்குறவங்களுக்குத்தான் ரிஸ்க், விக்கிறவங்களுக்குப் பணம் வரப்போகுது, அவங்களுக்கு என்ன பயம்னு ஒரு நினைப்பு இருக்கு. அது சரியில்ல. விக்கிறவங்க பெரும்பாலும் மாட்டுறது விலையில இல்ல, கையெழுத்துல. அதனால இன்னிக்கு ஒரே ஒரு விஷயத்தை வெவ்வேற பக்கத்துல இருந்து சொல்றேன்: வீட்டை விக்கிற வேலையில முக்கால்வாசி, முதல் போட்டோவை அப்லோட் பண்றதுக்கு முன்னாடியே முடிஞ்சிருக்கணும்.

முதல் கேள்வி: இது யாரோட வீடு?

அபத்தமான கேள்வி மாதிரி இருக்கும். எங்க குடும்பத்துல நடந்ததைச் சொல்றேன். சம்பந்தப்பட்டவங்க சம்மதத்தோடதான் சொல்றேன்.

குரோம்பேட்டையில எங்க பெரியப்பா 1994-ல ஒரு ஃபிளாட் வாங்கினார். அவர் பேர்ல மட்டும். 2016-ல அவர் இறந்துட்டார், உயில் எதுவும் எழுதல. பெரியம்மா அங்கயே தனியா இருந்தாங்க. மாடிப்படி ஏற முடியல, மகள் வீட்டுக்குப் பக்கத்துல தரைத்தளத்துல சின்னதா ஒரு வீடு வாங்கிக்கலாம்னு விக்க முடிவு பண்ணாங்க. புரோக்கர் ஆள் கூட்டிட்டு வந்தார். 72 லட்சத்துக்கு விலை படிஞ்சது. 5 லட்சம் அட்வான்ஸ். பெரியம்மா, அமெரிக்காவுல இருக்கிற அண்ணன், மதுரவாயல்ல இருக்கிற அக்கா, மூணு பேரும் விக்கிறவங்கன்னு அக்ரிமெண்ட். 90 நாள்ல பத்திரம் பதியணும். விக்கிறவங்க தவறினா அட்வான்ஸை இரண்டு மடங்காத் திருப்பிக் கொடுக்கணும். இது எல்லாம் முடிஞ்ச பிறகுதான் ஃபைல் என்கிட்ட வந்துச்சு, "வாங்குறவரோட பேங்க் ஏதோ பேப்பர் கேக்குது, அனுப்பிடுப்பா"ன்னு.

வாங்குறவர் லோன் போட்டிருந்தார். பேங்க்கோட வக்கீல் ஒரே ஒரு வரி எழுதியிருந்தார்: வாரிசுச் சான்றிதழ்ல நாலு பேர் இருக்காங்க, அக்ரிமெண்ட்ல மூணு பேர்தான் இருக்காங்க.

அந்த நாலாவது பேர் எங்க பாட்டி. பெரியப்பாவோட அம்மா.

இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, ஒரு ஆண் உயில் எழுதாம இறந்தா, அவரோட சொந்தச் சொத்து மனைவி, மகன், மகள், அம்மா எல்லாருக்கும் சமமாப் போகும். அம்மாவும் முதல் வகுப்பு வாரிசு. பெரியப்பா இறந்தப்போ பாட்டி உயிரோட இருந்தாங்க. அப்போ ஃபிளாட்ல கால் பங்கு பாட்டியோடது. பாட்டி 2019-ல இறந்துட்டாங்க. "அவங்கதான் போயிட்டாங்களே, அந்தப் பங்கு மத்த மூணு பேருக்கும் வந்துடும்"னு எல்லாரும் நினைச்சிருந்தாங்க. அப்படி வராது. பாட்டியோட பங்கு பாட்டியோட பிள்ளைகளுக்குப் போகும். அதாவது எங்க அப்பாவுக்கும், மதுரையில இருக்கிற அத்தைக்கும், பெரியப்பா இடத்துல அவரோட பிள்ளைகளுக்கும்.

கணக்குப் போடலாம். மொத்த ஃபிளாட்டை 24 பங்கா வச்சுக்கோங்க. பெரியம்மாவுக்கு 6. அண்ணனுக்கு 7, அக்காவுக்கு 7. எங்க அப்பாவுக்கு 2, அத்தைக்கு 2. 72 லட்சத்துல ஒரு பங்கு 3 லட்சம். அதாவது 22 வருஷம் குடித்தனம் பண்ணின, பெரியப்பா போன பிறகும் அங்கயே இருந்த பெரியம்மாவுக்குச் சட்டப்படி வர்றது 18 லட்சம். மத்தவங்க விட்டுக்கொடுத்தாத்தான் அவங்க நினைச்ச வீடு.

இது இந்துக்களுக்கான கணக்கு. கிறிஸ்தவக் குடும்பத்துல மனைவிக்கு மூணுல ஒரு பங்கு, மீதி பிள்ளைகளுக்கு. பிள்ளைகள் இருந்தா அம்மாவுக்குப் பங்கு கிடையாது. முஸ்லிம் சட்டத்துல பிள்ளைகள் இருந்தாலும் அம்மாவுக்கு ஆறுல ஒரு பங்கு உண்டு. உங்க குடும்பத்துக்கு எதுன்னு தெரிஞ்சுக்கிட்டுப் பேப்பர்ல வரைஞ்சு பாருங்க. யார் இருந்தாங்க, யார் எந்த வருஷம் இறந்தாங்க, அந்த வரிசை ரொம்ப முக்கியம். பாட்டி 2015-ல இறந்திருந்தா எங்க கதையில பிரச்சனையே இல்ல.

சரி, அப்புறம் என்ன ஆச்சு? புரோக்கர் அத்தைக்குப் போன் பண்ணி, "ஒரே ஒரு கையெழுத்துதான்மா வேணும், வந்து போட்டுட்டுப் போயிடுங்க"ன்னு சொல்லியிருக்கார். அத்தை போனை வச்சுட்டாங்க. அதுக்கப்புறம் மூணு வாரம் யார் போனையும் எடுக்கல. 90 நாள்ல 50 நாள் போயிடுச்சு. 10 லட்சம் திருப்பிக் கொடுக்கணுமேன்னு பெரியம்மா தூங்கல. அட்வான்ஸ் 5 லட்சத்தை ஏற்கெனவே புது வீட்டுக்கு முன்பணமாக் கொடுத்துட்டாங்க.

கடைசியில பெரியம்மாவே மதுரைக்கு ட்ரெயின் ஏறினாங்க. "அண்ணி, பங்கு கொடுன்னு நான் என்னிக்காவது கேட்டேனா? என் அண்ணன் வீட்டை விக்கிறீங்கன்னு ஒரு புரோக்கர் சொல்லித்தான் எனக்குத் தெரியணுமா?" அத்தை கேட்டது இவ்வளவுதான். கையெழுத்துப் போட வந்தாங்க. அவங்க பங்கு 6 லட்சத்தையும் வாங்கிக்கிட்டாங்க. வாங்கிக்கிட்டதுல ஒரு தப்பும் இல்ல, அது அவங்க பணம். எங்க அப்பா தன் பங்கைப் பெரியம்மாவுக்கே கொடுத்துட்டார். 83-வது நாள் பத்திரம் பதிஞ்சது.

இதையே விளம்பரத்துக்கு முன்னாடி கேட்டிருந்தா ஒரு போன் கால்ல முடிஞ்சிருக்கும். அக்ரிமெண்ட் போட்ட பிறகு கேட்டதால, அதுவே வேண்டுதலாவும் சண்டையாவும் மாறிப்போச்சு.

ஃபைலைத் திறங்க

குடும்பத்துக்கு அடுத்தது பேப்பர். வாங்குறவரோட வக்கீல் எதையெல்லாம் பாப்பாரோ அதையெல்லாம் நீங்க முதல்லயே பாத்துடுங்க. கோடு ரிவ்யூவுக்கு அனுப்புறதுக்கு முன்னாடி நாமளே ஒரு தடவை ஓட்டிப் பாப்போம்ல, அதே மாதிரி.

முதல்ல வில்லங்கச் சான்று, எல்லாரும் ஈசின்னு சொல்றது. தமிழ்நாடு பதிவுத்துறை இணையதளத்துலயே எடுக்கலாம். அதுல பழைய லோன் ஏதாவது நிக்குதான்னு பாருங்க. தமிழ்நாட்டுல ஹோம் லோன் வாங்கும்போது, பத்திரத்தை பேங்க்ல ஒப்படைச்சதுக்கான ஆவணத்தையும் பதிவு பண்ணுவாங்க. லோனைக் கட்டி முடிச்சாலும், பேங்க் வந்து ரசீது ஆவணத்தைப் பதிவு பண்ணிக் கொடுத்தாத்தான் அந்தப் பதிவு தீரும். பல பேர் பேங்க் கொடுத்த லெட்டரை ஃபைல்ல வச்சுக்கிட்டு முடிஞ்சதுன்னு நினைச்சுடறாங்க. பத்து வருஷம் கழிச்சு விக்கும்போது ஈசியில அடமானம் அப்படியே நிக்கும். அந்த பேங்க் இன்னொரு பேங்க்கோட இணைஞ்சு, கிளையே மாறிப் போயிருக்கும். அலைச்சல்.

லோன் இப்பத்தான் முடியுதுன்னா ஒரு நல்ல விதி இருக்கு. 2023 டிசம்பர் 1-லிருந்து, லோன் முழுசா அடைஞ்ச 30 நாளுக்குள்ள பேங்க் ஒரிஜினல் பத்திரங்களைத் திருப்பிக் கொடுக்கணும். பேங்க் பக்கம் தாமதம் ஆனா ஒரு நாளைக்கு 5,000 ரூபாய் அவங்க உங்களுக்குத் தரணும். இது ரிசர்வ் வங்கி உத்தரவு.

அடுத்து பட்டா. தனி வீடு, மனைன்னா பட்டா யார் பேர்ல இருக்குன்னு பாருங்க. பத்திரம் அப்பா பேர்ல, பட்டா இன்னும் முந்தின ஓனர் பேர்லன்னு இருக்கிறது ரொம்ப சகஜம். மாத்த நாள் ஆகும், அதனால இப்பவே ஆரம்பிங்க. ஃபிளாட்டுன்னா பிரிக்கப்படாத நிலப் பங்கு எத்தனை சதுர அடின்னு பத்திரத்துல இருந்து எடுத்து வைங்க. பழைய ஃபிளாட்டுக்கு விலையே அந்த நிலத்துலதான் இருக்கு.

தாய்ப்பத்திரம் தொலைஞ்சிருந்தா மறைக்காதீங்க. போலீஸ்ல புகார், பத்திரிகை விளம்பரம், கண்டுபிடிக்க முடியலன்னு சான்று, சான்றிட்ட நகல்னு ஒரு வழி இருக்கு. வாரக்கணக்குல ஆகும், ஆனா முடியும். வாங்குறவர் கண்டுபிடிச்சுக் கேட்டா அதே விஷயம் சந்தேகமா மாறிடும், விலையும் குறையும்.

அப்புறம் பேர். பத்திரத்துல ஒரு இனிஷியல், ஆதார்ல அப்பா பேர் முழுசா, பான் கார்டுல வேற ஸ்பெல்லிங். எங்க அத்தையோட பான் ஆதாரோட இணைக்கப்படவே இல்ல. செயலிழந்த பான்ல வரி பிடிச்சா 1 சதவீதத்துக்குப் பதிலா 20 சதவீதம் பிடிக்கணும். விக்கிற ஒவ்வொருத்தரோட பான் நிலையையும் முன்னாடியே செக் பண்ணுங்க, அஞ்சு நிமிஷ வேலை.

இன்னொண்ணு, நம்ம துறைக்காரனா சொல்றேன். "பத்திரத்தை வாட்ஸ்அப்ல அனுப்புங்க சார்"னு கேக்கிற எல்லாருக்கும் அனுப்பாதீங்க. கையெழுத்து, ஆதார், போட்டோ எல்லாம் அதுல இருக்கு. முதல் கட்டத்துக்கு ஈசி போதும். பத்திர நகல் கொடுக்கும்போது யாருக்கு, எதுக்குன்னு குறுக்கால எழுதி அனுப்புங்க.

விலை

இதைச் சுருக்கமா முடிச்சுடறேன். விளம்பரத் தளங்கள்ல போட்டிருக்கிறது ஓனர்கள் ஆசைப்படுற விலை. அது விக்கிற விலை இல்ல. நிஜத்துக்குப் பக்கத்துல போக ஒரு வழி, உங்க தெருவுல, உங்க அபார்ட்மெண்ட்ல சமீபத்துல கைமாறின சொத்துகளோட ஈசியை எடுத்துப் பாக்குறது. கைமாற்றுத் தொகைன்னு ஒரு வரி இருக்கும். ரொக்கமாக் கொடுத்தது அதுல தெரியாது, அதனால அதை அடிமட்ட விலையா எடுத்துக்கோங்க. கூடவே அரசு வழிகாட்டி மதிப்பையும் குறிச்சு வைங்க, பின்னாடி வரிக் கணக்குல வரும்.

ரொம்ப ஏத்தி வச்சுட்டு அப்புறம் குறைக்கலாம்னு நினைப்போம். ஆறு மாசமா ஒரே விளம்பரம் நின்னா, "வீட்டுல ஏதோ வில்லங்கம்"னு பேச்சு வந்துடும். புரோக்கர் கமிஷன் எத்தனை சதவீதம், ரெண்டு பக்கமும் வாங்குறாரா, எப்போ கொடுக்கணும்னு முதல் நாளே ஒரு மெசேஜ்ல எழுதி வாங்கிடுங்க.

அக்ரிமெண்ட்: "சும்மா ஒரு பேப்பர்தானே சார்"

சும்மா ஒரு பேப்பர் கிடையாது. தமிழ்நாட்டுல 2012 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு விற்பனை ஒப்பந்தத்தைப் பதிவு பண்ணணும். சரி, பதிவு பண்ணாம முத்திரைத்தாள்ல எழுதினா செல்லாதுல்ல, எப்போ வேணா பின்வாங்கலாம்னு சிலர் நினைக்கிறாங்க. 2023-ல தமிழ்நாட்டு வழக்கு ஒண்ணுலயே உச்ச நீதிமன்றம் சொல்லிடுச்சு: ஒப்பந்தத்தை நிறைவேத்தச் சொல்லிப் போடுற வழக்குல பதிவு பண்ணாத ஒப்பந்தத்தையும் சாட்சியமா எடுத்துக்கலாம்னு. அதுக்கு முன்னாடியே, 2018-ல சட்டத்தைத் திருத்தி, இந்த மாதிரி வழக்குல நீதிபதியோட விருப்புரிமையைப் பெருமளவு எடுத்துட்டாங்க. அதாவது 2 லட்சம் டோக்கன் வாங்கிக் கையெழுத்துப் போட்ட பிறகு, இன்னொருத்தர் 10 லட்சம் கூடத் தர்றார்னு மாறினா, வாங்குறவர் கோர்ட்டுக்குப் போய் "வீட்டையே கொடு"ன்னு கேக்கலாம். அட்வான்ஸைத் திருப்பிக் கொடுத்தா முடிஞ்சதுன்னு சொல்ல முடியாது.

மறுபக்கமும் இருக்கு. பதிவு பண்ணின அக்ரிமெண்ட் ஈசியில ஏறிடும். வாங்குறவர் பணம் புரட்ட முடியாம காணாமப் போயிட்டா, ரத்து ஆவணத்துல அவர் கையெழுத்து வேணும். அது கிடைக்காத வரைக்கும் அடுத்த ஆள் யோசிப்பார். அதனால அக்ரிமெண்ட்ல இதெல்லாம் இருக்கணும்:

கெடு எத்தனை நாள், எந்தத் தேதி. விக்கிறவங்களுக்கு அபராதம் இருக்கிற மாதிரி வாங்குறவர் தவறினா என்ன ஆகும்ங்கிறது. லோன் கிடைக்கலன்னா அட்வான்ஸ் என்ன ஆகும். எந்தப் பேப்பர் நிலுவையில இருக்கு, யார் வாங்கித் தரணும். விக்கிறவங்களை மீறின அரசு அலுவலகத் தாமதத்துக்கு எத்தனை நாள் கூடுதல்.

செய்யக்கூடாதது மூணு. முழுப் பணம் வர்றதுக்கு முன்னாடி சாவி கொடுக்காதீங்க, "கொஞ்சம் மரவேலை மட்டும் ஆரம்பிச்சுக்கறோம்"னு கேட்டாலும். ஒரிஜினல் பத்திரத்தை புரோக்கர் கையில கொடுக்காதீங்க. வாங்குறவருக்கோ புரோக்கருக்கோ பவர் எழுதிக் கொடுக்காதீங்க. குடும்பத்துக்குள்ள பவர் கொடுக்கலாம். எங்க அண்ணன் அமெரிக்காவுல இந்தியத் தூதரகத்துல சான்றொப்பம் வாங்கி அக்காவுக்குப் பவர் அனுப்பினார். இந்தியா வந்து சேர்ந்த மூணு மாசத்துக்குள்ள அதுக்கு முத்திரைத் தீர்வை கட்டணும், அதையும் கெடுவுல சேர்த்துக்கோங்க.

"கொஞ்சம் கேஷா வாங்கிக்கலாமே"

இந்த இடம் வராம எந்த வீடும் விக்கிறதில்ல. பத்திரத்துல 52 லட்சம் காட்டிக்கலாம், 20 லட்சம் ரொக்கமாத் தர்றோம். வாங்குறவருக்கு ஏன் ஆசைன்னா, முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். 20 லட்சத்தை மறைச்சா அவருக்கு 1 லட்சத்து 80 ஆயிரம் மிச்சம். விக்கிறவருக்கு 12.5 சதவீத வரியில 2 லட்சத்து 50 ஆயிரம் மிச்சம்.

இப்போ ரிஸ்க் பக்கம். அசையாச் சொத்து விற்பனையில 20,000 ரூபாய் அல்லது அதுக்கு மேல ரொக்கமா வாங்கினா, வாங்கின தொகைக்குச் சமமா அபராதம் போடச் சட்டத்துல இடம் இருக்கு. அபராதம் கொடுத்தவருக்கு இல்ல, வாங்கினவருக்கு. அதாவது உங்க அம்மாவுக்கு. ரெண்டரை லட்சம் மிச்சம் பிடிக்க 20 லட்சத்தைப் பணயம் வைக்கிறோம். போதாததுக்கு, அந்தப் பணத்தை பேங்க்ல போட முடியாது, அடுத்த வீட்டுக்கு வெள்ளையாக் கொடுக்க முடியாது, வரிவிலக்குல காட்ட முடியாது. பத்திர விலை வழிகாட்டி மதிப்பைவிடக் குறைவா இருந்து, வித்தியாசம் 10 சதவீத வரம்பைத் தாண்டினா, வருமான வரித்துறை வழிகாட்டி மதிப்பையே விற்பனை விலையா எடுத்துக்கும்.

வரி

2026 ஏப்ரல் 1-லிருந்து புதிய வருமான வரிச் சட்டம், பிரிவு எண்கள் மாறுது. அதனால எண் எதுவும் சொல்லல. அடிப்படை மட்டும்.

2 வருஷத்துக்கு மேல வச்சிருந்த வீட்டை வித்தா நீண்டகால மூலதன ஆதாயம். 2024 ஜூலை 23-லிருந்து வரி 12.5 சதவீதம், பணவீக்கச் சரிக்கட்டு கிடையாது. ஆனா அந்தத் தேதிக்கு முன்னாடி வாங்கின வீட்டை இந்தியாவுல வசிக்கிறவங்க வித்தா, பழைய முறையில 20 சதவீதம் சரிக்கட்டோட கட்டவும் செய்யலாம். எது குறைவோ அது.

2001-க்கு முன்னாடி வாங்கின வீடுன்னா, வாங்கின விலைக்குப் பதிலா 2001 ஏப்ரல் 1 அன்னிக்கு இருந்த மதிப்பை வச்சுக்கலாம், அன்னிய வழிகாட்டி மதிப்பைத் தாண்டக் கூடாது. உதாரணமா 72 லட்சத்துக்கு விக்கிறோம். 2001 மதிப்பு 6 லட்சம்னா புது முறையில 8.25 லட்சம் வரி, பழைய முறையில 2025-26 குறியீட்டுப்படி 9.89 லட்சம். 2001 மதிப்பு 10 லட்சம்னா புது முறையில 7.75, பழைய முறையில 6.88. செஸ் தனி. நான் போட்டுப் பாத்ததுல, விக்கிற விலை 2001 மதிப்பைப் போல சுமார் 8.36 மடங்குக்கு மேல போனா புது முறை லாபம், அதுக்குக் கீழன்னா பழைய முறை.

இந்த வரியையும் தவிர்க்க வழி இருக்கு. ஆதாயத்தை 2 வருஷத்துக்குள்ள இன்னொரு வீடு வாங்கவோ, 3 வருஷத்துக்குள்ள கட்டவோ போடலாம். இல்லன்னா 6 மாசத்துக்குள்ள குறிப்பிட்ட அரசுத்துறை நிறுவனங்களோட பத்திரங்கள்ல 50 லட்சம் வரைக்கும், 5 வருஷம் எடுக்க முடியாது. ரிட்டர்ன் தாக்கல் கெடுவுக்குள்ள வீடு அமையலன்னா பணத்தை சாதாரண சேவிங்ஸ்ல விடாம, மூலதன ஆதாயக் கணக்குல போடணும். இதைத் தவறவிட்டா விலக்கு போயிடும்.

இப்போ பங்குக்குத் திரும்ப வாங்க. ஆதாயமும் விலக்கும் பான் வாரியா. பெரியம்மா மொத்தப் பணத்துலயும் புது வீடு வாங்கினாலும், அவங்க 6 பங்கோட ஆதாயத்துக்குத்தான் விலக்கு. பிள்ளைகளோட 14 பங்குக்கு அவங்க அவங்க வரி கட்டணும். பிள்ளைகள் பங்கை அம்மாவுக்கு விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுத்துட்டு அப்புறம் வித்தா, கணக்கே வேற. அதைச் செய்யலாமா, எவ்வளவு செலவுன்னு அக்ரிமெண்டுக்கு முன்னாடி ஆடிட்டர்கிட்ட கேளுங்க. அக்ரிமெண்ட் போட்ட பிறகு எங்களுக்கு அந்த நேரம் இல்ல.

விலை 50 லட்சம் அல்லது அதுக்கு மேலன்னா வாங்குறவர் 1 சதவீதம் டிடிஎஸ் பிடிப்பார். விக்கிறவர் என்ஆர்ஐன்னா இந்த 1 சதவீதமும் 50 லட்ச வரம்பும் பொருந்தாது. 12.5 சதவீதம், செஸ், தொகையைப் பொறுத்து சர்சார்ஜ். குறைஞ்ச பிடித்தத்துக்கான சான்றை வருமான வரித்துறைகிட்ட முன்கூட்டியே வாங்கலன்னா, ஆதாயத்துக்கு மட்டும் இல்லாம மொத்தத் தொகைக்கும் பிடிச்சுடுவாங்க, அப்புறம் ரிட்டர்ன் போட்டு ரீஃபண்டுக்குக் காத்திருக்கணும். அண்ணனோ அக்காவோ வெளிநாட்டுல இருந்தா இதை முதல் மாசமே ஆரம்பிங்க.

பதிவு நாள்

ஒரே விதி. பணம் உங்க அக்கவுண்ட்ல ஏறாம, இல்லன்னா பேங்க் டிடி கையில வராம, விரல் ரேகை வைக்காதீங்க. "மீதி 4 லட்சம் சாயங்காலம் போட்டுடறேன் அங்கிள்" வேண்டாம். 2020-ல உச்ச நீதிமன்றம் தெளிவாச் சொல்லியிருக்கு: பாக்கி வரலங்கிறதுக்காக மட்டும் பதிவான கிரயப் பத்திரத்தை ரத்து பண்ண முடியாது. பணத்துக்கு வழக்குப் போடலாம், வீடு திரும்ப வராது. பதிவுக்கு முந்தின நாள் வரைவை வரிவரியாப் படிங்க, முக்கியமா சர்வே எண், நிலப் பங்கு, கார் பார்க்கிங்.

கேட்டிருந்த ரெண்டு கேள்வி

"விக்கிறதுக்கு முன்னாடி லட்சக்கணக்குல செலவு பண்ணி வீட்டைப் புதுப்பிக்கணுமா?" வேண்டாம். நீர்க்கசிவு, உடைஞ்ச குழாய், எரியாத லைட் சரி பண்ணி, ஒரு கோட் பெயிண்ட் அடிங்க. மாடுலர் கிச்சன் வாங்குறவர் ரசனைக்கு வாங்கிப்பார். நீர்க்கசிவை மட்டும் பெயிண்ட் அடிச்சு மறைக்காதீங்க, முதல் மழையில போன் வரும்.

"வித்த பிறகு என்ன பாக்கி?" மின் இணைப்பு, சொத்து வரி, குடிநீர் வரி மூணும் பேர் மாறிடுச்சான்னு பாருங்க. அசோசியேஷன் கணக்கை முடிச்சு நிலுவை இல்லைன்னு எழுதி வாங்குங்க. விற்பனைப் பத்திர நகல், பழைய பத்திர நகல், செலவு ரசீது எல்லாத்தையும் வச்சிருங்க. வரித்துறை கேள்வி சில வருஷம் கழிச்சும் வரலாம்.

இந்த வார வேலை

வீட்டை விக்கிற யோசனையே இல்லன்னாலும் இதை ஒண்ணு பண்ணுங்க. இந்த ஞாயித்துக்கிழமை வீட்டுப் பத்திர ஃபைலைத் திறந்து ஒரே ஒரு பக்கம் எழுதுங்க. பத்திரம் யார் பேர்ல, அவங்க இருக்காங்களா, இல்லன்னா எந்த வருஷம் இறந்தாங்க, அன்னிக்கு யார் யார் உயிரோட இருந்தாங்க. அந்தப் பட்டியல்ல இருக்கிற ஒருத்தர்கூட பேச்சுவார்த்தை இல்லன்னா, அவங்களுக்கு முதல் போன் உங்க வீட்டுல இருந்து போகட்டும். புரோக்கர்கிட்ட இருந்து போக வேண்டாம். பெரியவங்க இருக்கும்போதே உயில் எழுதச் சொல்றது நல்ல விஷயம், அதை எப்படிப் பேச்செடுக்கிறதுன்னு தனியா ஒரு எபிசோட் பண்றேன்.

உங்க வீட்டு ஃபைல்ல எதிர்பாராத பேர் ஏதாவது கிடைச்சா மெயில் போடுங்க. பேர் இல்லாம வாசிக்கிறேன். அடுத்த வாரம் பாக்கலாம்.